வால்வு மாமா வாங்கிய தப்பான விருது

எங்கள் ஊரில் ஆண்டுதோறும் இரண்டு பேரைக் கூப்பிட்டு விருது கொடுப்பார்கள். பொதுச் சேவைக்கு ஒன்று, கலைக்கு ஒன்று. ஆரம்பத்தில் உண்மையிலேயே ஏதாவது செய்தவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். ஆனால் ஊர் சின்னது. விருதோ வருஷம் தவறாமல் வருவது. செய்தவர்கள் எல்லாரும் வாங்கி முடித்துவிட்டார்கள். பிறகு செய்யப் போவதாகச் சொன்னவர்களுக்குக் கொடுத்தார்கள். நான் ஊரில் இல்லாத காலத்தில் நிலைமை இன்னும் இறங்கி, பஸ்ஸில் கிடந்த குடையை உரியவரிடம் சேர்த்த ஒருவர் சேவைக்காகக் கேடயம் வாங்கியிருக்கிறார். குடைக்கு உரியவர்தான் விருதுக் குழுத் தலைவர் என்று அம்மா சொன்னாள்.

இந்த முறை என் தாய்மாமாவின் பெயர் வந்தது. அம்மாவுக்கு ஒரே தம்பி. நகராட்சித் தண்ணீர்த் துறையில் வால்வு திறந்து மூடுகிறவர். தெருவோரங்களில் இரும்பு மூடி போட்ட குழிகள் இருக்கும் அல்லவா, அவற்றின் அடியில் இருக்கும் வால்வுகளுக்கு அவர்தான் அதிபதி. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் போவார். தூரத்திலிருந்து பார்த்தால் போருக்குப் போகிறவர் மாதிரி இருக்கும். கிட்டே வந்தால் கேரியரில் சாப்பாட்டு டப்பா தெரியும். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் மணிக்கட்டில் இருந்தது. ஊரே அவரை ‘வால்வு’ என்றுதான் கூப்பிட்டது. அத்தை கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஆனால் மாமாவைக் கேட்டால் தான் ஒரு நடிகன் என்பார். வால்வு என்பது வயிற்றுப்பாட்டுக்கு.

ஊரில் ஒரு நாடகக் குழு உண்டு. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் டெய்லர்தான் அதற்குக் கதாசிரியர், இயக்குநர், உடைகளும் அவர்தான். கடை மாடியில், காஜா எடுக்காத சட்டைகளுக்கு நடுவில் ஒத்திகை நடக்கும். மாமா அந்தக் குழுவில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறார். எல்லா நாடகத்திலும் அவருக்கு வேஷம் உண்டு. எல்லா நாடகத்திலும் முதல் காட்சியிலேயே செத்துவிடுவார்.

அது டெய்லர் கண்டுபிடித்த ஏற்பாடு. மாமாவை வேண்டாம் என்று சொல்ல முடியாது. மேடையில் நிறுத்தவும் முடியாது. அதனால் கதை எதுவானாலும் திரை விலகியதும் ஒருவர் சாக வேண்டும் என்று வைத்துக்கொண்டார். கப்பல் கவிழும், மாரடைப்பு வரும், விஷம் வைப்பார்கள். ஒரு சிரிப்பு நாடகத்தில், அதற்கும் கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல், மணப்பெண்ணின் பெரியப்பா ஒருவர் உள்ளே வந்து வாழ்த்திவிட்டுச் செத்துப்போனார். மற்றவர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போய்ச் சிரிக்க வைத்தார்கள்.

சாவு என்றால் சும்மா சாவு இல்லை. மாமா விழுவார், எழுவார், தூணைப் பிடிப்பார், தூண் அட்டை என்பதால் அதுவும் கூட விழும். இறந்துவிட்டார் என்று நம்பி அடுத்தவர் வசனத்தைத் தொடங்கினால், “இன்னும் இல்லை” என்கிற மாதிரி ஒரு கையைத் தூக்குவார். வசனம் எல்லாவற்றையும் மேலே பார்த்தே சொல்லுவார், அதுவும் கத்தி. குழிக்குள் நின்றுகொண்டு மேலே நிற்கிற ஆளிடம் “ஸ்பானர எடு” என்று கூவிப் பழகிய குரல் அது. காதலோ மரணமோ, மாமா வாயைத் திறந்தால் யாரோ மேலிருந்து கருவியை நீட்ட வேண்டும் போலிருக்கும்.

வீட்டில் ஒத்திகை பார்ப்பார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஒருமுறை ஆம்புலன்ஸையே வரவழைத்துவிட்டார்கள். அத்தை வாசலில் நின்று, “ஒண்ணும் இல்ல, அவர் வாரத்துல ரெண்டு தடவ இப்படித்தான் சாவார்” என்று சொல்லி அனுப்பினாளாம். மாமாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஆம்புலன்ஸ்காரனே நம்பிவிட்டான் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷத்தில் ஒருவர் கூடவா உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்கலாம். தண்ணீர் அவர் கையில் இருக்கிறதே. நாடகம் பிடிக்கவில்லை என்று சொன்னவர் வீட்டுக் குழாயை மாமா ஒருநாளும் அடைத்ததில்லை, அப்படிப்பட்ட ஆளும் இல்லை. ஆனால் யாரும் சோதித்துப் பார்க்கத் தயாராக இல்லை. நாடகம் முடிந்ததும் வரிசையில் வந்து, “பிரமாதம் வால்வு, கண்ணு கலங்கிடுச்சு” என்று சொல்லிவிட்டு, அப்படியே, “எங்க தெருவுல காலைல கொஞ்சம் வேகம் கம்மியா வருது” என்று முடிப்பார்கள். மாமாவுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழும்.

போன மழைக்காலத்தில் பாலத்துக்குப் பக்கத்தில் பெரிய குழாய் உடைந்து, ஊரில் பாதிக்குத் தண்ணீர் நின்றுபோயிற்று. விடிகாலையில் மாமா போய்க் குழிக்குள் இறங்கினார். சாவி வளைந்துவிட்டது. தலைகீழாகக் கவிழ்ந்து கையாலேயே அந்த வால்வைத் திருகி அடைத்து, மத்தியானத்துக்குள் வேறு வழியாகத் தண்ணீர் விட்டுவிட்டார். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்துப் போட்டார். படத்தில் குழியும், அதிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலும் இருந்தன. ஊர் முழுக்க அந்தக் காலை அடையாளம் கண்டு பாராட்டியது. மாமாவுக்கு அதில் ஒரே ஒரு குறைதான்.

“மூஞ்சி இல்லாத போட்டோவ எதுக்குப் போடுறான்? நடிகனுக்கு மூஞ்சிதானே எல்லாம்?”

நான் நெடுநாள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய சமயம்தான் விருதுக் குழுச் செயலாளர் மாமா வீட்டுக்கு வந்தார். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மெதுவாகத்தான் சொல்லுவார். நாற்காலியில் உட்கார்ந்து, டீயை வாங்கி, ஊதி ஊதிக் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

“இந்த வருஷ விருத உங்களுக்குக் குடுக்கிறதா முடிவு பண்ணியிருக்கோம். ஊரே உங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கு. நீங்க செஞ்ச…”

மாமா அவரை முடிக்க விடவில்லை. எழுந்து போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார். “இத்தன வருஷம் கழிச்சாவது ஒருத்தருக்குப் புரிஞ்சுதே. சார், நான் எத்தன தடவ செத்திருப்பேன் தெரியுமா அந்த மேடைல?”

செயலாளர் டீ டம்ளரைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்தார். வழக்கமான நிபந்தனைகளை மட்டும் சொன்னார். விருது வாங்குகிறவர் தன்னைப் பாராட்டிப் பேசத் தானே ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டும்; ஹாலில் பாதியைத் தன் சொந்தக்காரர்களால் நிரப்ப வேண்டும். மற்றப் பாதியை இன்னொரு விருதுக்காரர் பார்த்துக்கொள்வார். அப்படித்தான் அந்த விழாவுக்குக் கூட்டம் சேர்வது. வாசலில் செருப்பைப் போடும்போது அத்தையிடம், “அந்தப் பாலத்து வேலைக்காகத்தாம்மா. சேவை விருது” என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை அதை மாமாவிடம் கொண்டுபோகவில்லை. உள்ளே மாமா கண்ணாடி முன் நின்று கும்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளே டெய்லர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்தில் அளவு டேப் தொங்கியபடியே வந்தார்.

“அக்கா, உங்க தம்பி அவனப் பாராட்டி என்னப் பேசச் சொல்றான். நடிப்பப் பத்தி. மேடையேறி நான் என்னத்தப் பேச?”

“ரெண்டு பொய் சொல்லிட்டு வாயேன். இத்தன வருஷமா சொல்லலையா?” என்றாள் அம்மா.

“கடைல நின்னு சொல்றது வேற, மைக்ல சொல்றது வேறக்கா. அதோட நான் செயலாளரக் கேட்டுட்டேன். இது சேவை விருது. கலை விருது பல் டாக்டருக்கு.”

“பல் டாக்டருக்கு என்ன கலை?”

“குதிரப் படம் வரைவாராம்.”

அத்தையும் அப்போது அங்கேதான் இருந்தாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஏதோ ஏற்கெனவே பேசி வைத்த மாதிரி மூன்று தலையும் என் பக்கம் திரும்பின.

“நீ சொல்லுடீ” என்றாள் அத்தை. “நீதான் ஊர் சுத்திட்டு வந்தவ. கோச்சுக்கிட்டார்னா மறுபடி எங்கயாவது கிளம்பிப் போயிடலாம். நாங்க இங்கயே கிடக்கணும்.”

மாமாவைத் தேடிக் கிளம்பிவிட்டேன்.

மாமா பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் குழி மூடியை நகர்த்தி வைத்துவிட்டுச் சாவியை உள்ளே விட்டிருந்தார். அதன் மேல்முனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே தண்ணீர் ஓடுகிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று அந்த இரும்பு சொல்லுமாம். என்னைப் பார்த்ததும், “வா பாப்பா, என்ன பேசலாம்னு யோசிச்சு வச்சிட்டேன். முதல்ல ஒரு சாவு, அப்புறம்தான் நன்றி” என்றார்.

“மாமா, அது கலை விருது இல்ல.”

காதை எடுக்கவில்லை. நான் சொன்னதும் குழாய்க்குள்ளிருந்து வந்த சத்தமோ என்று கேட்பவர் மாதிரி அப்படியே இருந்தார்.

“பாலத்துக் குழாய அடைச்சீங்களே, அதுக்கு. சேவை விருது.”

“அது வேலைம்மா. அதுக்குச் சம்பளம் வாங்கிட்டேன். வேலை செஞ்சவனுக்கு எதுக்கு விருது? அப்படிப் பார்த்தா பாங்க்ல காசு எண்றவனுக்கும் குடுக்கணும்.” சாவியை ஒரு சுற்றுச் சுற்றினார். “கலை யாருக்கு?”

“பல் டாக்டருக்கு.”

“குதிரைக்கா?”

“குதிரைக்குத்தான்.”

“அந்தக் குதிரைய நான் பாத்திருக்கேன். அவர் ஆஸ்பத்திரில மாட்டி வச்சிருக்கார். மூணு காலுதான் இருக்கு.”

“நாலாவது கால் அந்தப் பக்கம் இருக்கும் மாமா.”

“நமக்குத் தெரியலைன்னா அது இல்லைன்னுதான் அர்த்தம்.” மூடியை இழுத்து வைத்தார். அது விழுந்த சத்தத்தில் தெரு முனை நாய் எழுந்து போயிற்று. “உண்மையச் சொல்லு. நீ பல ஊர் பாத்தவ, நாடகமும் பாத்திருப்ப. நான் நடிக்கிறது எப்படி?”

இந்தக் கேள்வி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. கொஞ்சம் தாமதித்துவிட்டேன். அந்தத் தாமதம் போதுமானதாக இருந்தது.

“ம்” என்றார். சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஏறவில்லை.

அன்று மாலை விருதே வேண்டாம் என்று அறிவித்தார். அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். அவள் தரப்பு வாதம் சுருக்கமாக இருந்தது. அவள் பிறந்த வீட்டார் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. அவளுடைய அண்ணன், இந்த மனிதனுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று இன்று வரை வருந்துகிறவர், வருவதாகச் சொல்லிவிட்டார். டிவிக்கு மேலே இருந்த கடிகாரத்தை எடுத்துவிட்டுக் கேடயத்துக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது.

“நீங்க போகலைன்னா நான் போய் வாங்கிக்கிறேன். குழிக்குள்ள இறங்கினது நீங்கன்னா, அந்தத் துணியத் தொவச்சது யாரு?”

மாமா கடிகாரம் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, “டெய்லர் பேச வேணாம். எங்க இன்ஜினியர் பேசட்டும்” என்றார். அவ்வளவுதான். சமாதானமாகிவிட்டார் என்று நாங்கள் எல்லாரும் நிம்மதியானோம்.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. சாவு இல்லை, கூச்சல் இல்லை. வேலை முடிந்து வந்து அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். அத்தை காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை என்றாள். துக்கம் என்று நினைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட, சார் நல்லாயிருக்காரா என்று விசாரித்தார்கள்.

விழா நகராட்சி ஹாலில் நடந்தது. மின்விசிறிகளில் பாதி சுற்றின. வலது பக்கம் டாக்டர் வீட்டு ஆட்கள், எல்லாருக்கும் நல்ல பல். இடது பக்கம் நாங்கள். மேடையில் டாக்டரின் குதிரை ஒன்றை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள். மாமா சொன்னது சரிதான், மூன்று கால்.

மாமா உள்ளே வந்தபோது அத்தை என் கையைக் கிள்ளினாள். காக்கி யூனிஃபார்ம் போட்டிருந்தார். நகராட்சி கொடுத்த அந்த யூனிஃபார்மை அவர் ஒருநாளும் போட்டது கிடையாது, அது வேலைக்காரன் வேஷம் என்பார். இது அது இல்லை; எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தோள்பட்டையில் நிறம் போயிருந்தது; ஒரு பொத்தான் வேறு நிறத்தில் இருந்தது. டெய்லர் எனக்கு முன் வரிசையில் இருந்தார். திரும்பி, “அது நம்ம நாடக டிரங்குப் பெட்டில இருந்த சட்டையாச்சே” என்றார்.

டாக்டர் முதலில் வாங்கிக்கொண்டு குதிரையைப் பற்றி நீளமாகப் பேசினார். பிறகு இன்ஜினியர் மாமாவைப் பாராட்டினார். பிறகு தலைவர், அந்தக் குடைக்காரர், எழுந்து, “நம்ம வால்வு நாடகத்துலயும் நடிப்பார்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நான் சொல்றேன், குழாய் வேலையும் ஒரு கலைதான். அதுல அவர் பெரிய கலைஞர்” என்றார். ஹால் கை தட்டியது. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அந்த முகத்தில் ஒன்றுமே தெரியாமல் நான் பார்த்ததில்லை.

மைக் முன்னால் வந்து நின்றார். மேலே பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார், அதுவும் ஒவ்வொருவராக.

“எனக்குப் பேசத் தெரியாதுங்க” என்றார்.

அத்தையின் அண்ணன் இருமினார். மாமாவைப் பற்றி அவருக்கிருந்த குறைகளில் முதன்மையானது அவர் பேச்சை நிறுத்துவதில்லை என்பது.

“குழாய் உடைஞ்ச அன்னைக்குக் காலைல, நான் குழிகிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். சாவி வளைஞ்சு போச்சு. சரி, ஆபீஸுக்குப் போய் வேற சாவி எடுத்துட்டு வரலாம்னு கிளம்பிட்டேன். பொய் சொல்லல, கிளம்பிட்டேன்.” நிறுத்தினார். சட்டையின் வேறு நிறப் பொத்தானைத் தொட்டார். “அப்போ ஒரு அம்மா வந்தாங்க. இடுப்புல கைக்குழந்தை. கையில ஒரு காலி பாட்டில். என்கிட்ட எதுவும் கேக்கல. பாட்டில மட்டும் தலைகீழாப் பிடிச்சுக் காமிச்சாங்க. சொட்டு விழல.”

டாக்டர் வீட்டு வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார்.

“திரும்பி வந்துட்டேங்க. அவ்வளவுதான். உள்ள இறங்கினது நான் இல்ல. அந்தப் பாட்டில்தான்.”

குரல் உடையவில்லை. உடையப் போகிற இடத்தில் அவரே நிறுத்தி, தண்ணீர் விழுங்குகிற மாதிரி ஒன்றை விழுங்கிக்கொண்டு, கேடயத்தை இரண்டு கையாலும் வாங்கி, யாருடையதோ என்பது போல் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

டாக்டர் வீட்டுப் பக்கம் முழுக்க அழுதது. இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினார். அத்தையின் அண்ணன் எழுந்து நின்று கை தட்டினார். எங்கள் வரிசையில் அத்தை மட்டும் அம்மாவின் காதைக் கடித்தாள்.

“அது யாரு கைக்குழந்தைக்காரி? என்கிட்ட சொல்லவே இல்ல?”

“எனக்கென்ன தெரியும்? அங்க ஒரு நாயையும் அந்த போட்டோக்காரனையும் தவிர யாரும் இல்லைன்னுதான் அவன் அன்னைக்கு வந்து பொலம்பினான்.”

முன்னால் டெய்லர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் அவர் தோளைத் தொட்டதும் மெதுவாகத் திரும்பினார். “பாவி” என்றார். “இத்தன வருஷமா இத எங்க வச்சிருந்தான்?”

விழா முடிந்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பல் டாக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மாமாவின் கையைப் பிடித்தார். கண் இன்னும் ஈரமாக இருந்தது.

“சார், நான் உங்க நாடகமெல்லாம் பாத்திருக்கேன். மன்னிச்சுக்கணும், எனக்கு அதெல்லாம் ஒட்டவே ஒட்டாது. ஆனா இன்னைக்குப் பேசினீங்க பாருங்க, அதுல ஒரு துளி நடிப்பு இல்ல. மனசுல இருந்து வந்துது.”

மாமா வாயைத் திறந்தார். என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் முதல்முறையாக ஒருவர் அவரிடம் உண்மையான பாராட்டைச் சொல்கிறார், அந்தப் பாராட்டோ அவர் நடிக்கவில்லை என்பதற்கு. அது நடிப்புத்தான் என்று சொன்னால் நடிகன் என்று ஒப்புக்கொள்வார்கள், கூடவே பொய்யன் என்றும் சொல்வார்கள். கேடயத்தையும் திருப்பிக் கேட்பார்கள். பக்கத்தில் அத்தையின் அண்ணன் மாமாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

மாமா வாயை மூடிக்கொண்டு ஒரு பிஸ்கட்டை அதில் போட்டுக்கொண்டார்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் செயலாளருக்கு அடுத்த வருஷத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. அந்தத் தாய்தான் சேவை விருதுக்கு உரியவர், அவர் பாட்டிலைக் காட்டியிராவிட்டால் ஊருக்குத் தண்ணீர் ஏது என்று குழுவில் பேசி, ஒருமனதாக முடிவு செய்துவிட்டார்கள். பத்திரிகையில் செய்தி வந்தது. அந்தத் தாய் முன்வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இந்த முறையும் மாமாவின் காலைத்தான் போட்டிருந்தார்கள்.

“இல்லாத ஆளத் தேடுறாங்க. தேடட்டும். யாரு வரப் போறா?” என்றார் மாமா.

மூன்று பேர் வந்தார்கள்.

மாமாவைக் கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொன்னார்கள். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம், மூன்று பேரும் இல்லை என்று சொல்லிவிடுகிறேன், அதுதான் நல்லது என்று சொல்லிக்கொண்டே வந்தார். செயலாளர் எங்களை உட்கார வைத்து, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். பேசி முடித்துச் சொல்லுங்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முதலில் வந்த அம்மாள் உள்ளே நுழையும்போதே அழுதுகொண்டு வந்தார். குழந்தை என்று ஒருவனைக் கொண்டுவந்திருந்தார், மீசை அரும்பியிருந்தது. போன மழைக்காலத்தில் சின்னவனாக இருந்தான் என்றார். இரண்டாவது அம்மாள் பாட்டிலையே கொண்டுவந்திருந்தார். மாமாவின் காலில் விழப் போய், நாற்காலியைப் பிடித்து, மறுபடி எழுந்து, மறுபடி விழுந்தார். மாமா அதை மிகவும் கூர்ந்து பார்த்தார். அந்த அம்மாள் போனதும் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“நான் இப்படித்தான் இருப்பேனா?”

“கிட்டத்தட்ட” என்றேன். இந்த முறை தாமதிக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவளுக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது கூடுதலாக இருக்கும். வேலைக்குப் போகிற அவசரத்தில் வந்தவள் போல் கைப்பையைத் தோளிலேயே வைத்திருந்தாள். குழந்தையும் இல்லை, பாட்டிலும் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“நான்தாங்க அது. பாட்டில் எங்க போச்சுன்னு தெரியல. அன்னைக்கு உங்ககிட்ட ஏதாவது கேட்டிருக்கணும். கேக்கத் தோணல. குழந்தை கனமா இருந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னாள். மாமா நாற்காலியில் முன்னுக்கு வந்தார். நானே ஒரு கணம், ஒருவேளை உண்மையிலேயே இவள் அங்கே இருந்தாளோ என்று நினைத்துவிட்டேன்.

“இன்னும் கொஞ்சம் சொல்லு” என்றார் மாமா.

அவள் கதவைப் பார்த்தாள். சாத்தியிருந்தது. குரலைத் தாழ்த்தினாள்.

“சார், என் வீடு பாலத்துக்கு எதிர்ல. அன்னைக்கு விடிஞ்சதுல இருந்து ஜன்னல்லதான் நின்னேன், தண்ணி வருமான்னு. நீங்க இருந்தீங்க, ஒரு நாய் இருந்துச்சு, கேமராவோட ஒருத்தர் இருந்தார். வேற யாரும் இல்ல.”

மாமா ஆடிப்போய்விட்டார். நானும்தான்.

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?” என்றேன் நான்.

“எனக்கு முன்னால பாட்டிலோட வந்தாங்களே, அவங்க எங்க பக்கத்து வீடு. வரப் போறதா சொன்னாங்க. அவங்க செஞ்சா கெடுத்துடுவாங்கன்னு தோணுச்சு.” மாமாவைப் பார்த்தாள். “அன்னைக்கு ஹால்ல நானும் இருந்தேன் சார், டாக்டர் வீட்டுப் பக்கம். அவர்கிட்டதான் வேலை பாக்கிறேன். நீங்க அந்தம்மாவப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சதுமே எனக்குத் தெரியும் பொய்னு. ஜன்னல்ல நின்னவளாச்சே. இருந்தும் அழுதுட்டேன். எப்படி சார் செஞ்சீங்க?”

மாமாவின் காதுமடல் சிவந்திருந்தது. எழுந்து போய்க் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“எந்த இடத்துல அழுதே?” என்று கேட்டார்.

“பாட்டிலத் தலைகீழாப் பிடிச்சாங்கன்னு சொன்னீங்களே, அங்க.”

“அங்கயா? நான் பொத்தானத் தொட்டப்போ ஒண்ணும் இல்லையா?”

“அது கொஞ்சம் அதிகம் சார்.”

“அதிகமா?” என்றார் மாமா. வருத்தப்படவே இல்லை. “எனக்கும் அப்பவே சந்தேகம்தான். சரி, விழுங்கினேனே, அது?”

வெளியே செயலாளர் கதவைத் தட்டினார். “என்ன சார், மூணு பேர்ல யாருன்னு தெரிஞ்சுதா?”

“இருங்க சார், இன்னும் முடியல” என்று மாமா உள்ளேயிருந்து சொல்லிவிட்டு, அவள் சொல்லப் போவதைக் கேட்பதற்காக இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொண்டார்.